மெய்யும் மெய்நிகரும்

நுழையும்முன்

காணவும் கேட்கவும் கருவிகள் பல வந்துவிட்டன. கடல் கடந்து வாழ்பவரின் முகத்தைக் கைப்பேசித் திரையில் காணலாம், குரலைக் கேட்கலாம். அவர் கையைப் பற்ற முடியுமா? இவ்வினாவுக்கு விடை தேடி அறிவியல் ஒரு புதிய துறையை வளர்த்துள்ளது. தொடு உணர்வைக் கருவியின் வழியே உண்டாக்கும் அத்தொழில்நுட்பம் மனிதர்க்கு எதைத் தரும், எதைத் தராது என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

முதலில் விழிக்கும் புலன்

கருவில் வளரும் குழந்தைக்குக் கண் திறவாது; செவியும் முழுமை பெற்றிராது. அந்நிலையிலேயே, ஏறத்தாழ எட்டு வாரங்கள் ஆகும் காலத்தில், உதட்டைச் சுற்றியுள்ள பகுதி தொடுதலுக்கு எதிர்வினை புரியத் தொடங்குகிறது. ஐம்புலன்களுள் முதலில் விழிப்பது தொடு உணர்வே.

தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறு வகையாகப் பகுத்தார். தொடுதலால் அறிவதையே முதல் அறிவாக வைத்தார். புல்லும் மரமும் அவ்வகையில் அடங்கின. சுவையும் நாற்றமும் காட்சியும் ஓசையும் அதன்மேல் ஒவ்வொன்றாய் அடுக்கப்பட்டன. மனம் ஆறாவதாய் அமைந்தது. தொடு உணர்வை அடித்தளமாகக் கொண்டே ஏனைய அறிவுகள் எழுகின்றன என்னும் இப்பார்வை இன்றைய உயிரியலுக்கும் அயலானதன்று.

கண், காது, மூக்கு, நாக்கு ஆகியவை தலையில் அமைந்த சிறு உறுப்புகள். தொடு உணர்வுக்குரிய பொறியோ உடல் முழுவதும் போர்த்திய தோல். ஆதலின் தமிழர் அதனை ‘மெய்’ என்றனர். உண்மை என்பதும் அச்சொல்லின் பொருளே. கண் கானலை நீரென்று மயங்கலாம். செவி எதிரொலியைக் குரலென்று மயங்கலாம். ஐயம் எழும்போதெல்லாம் மனிதர் கை நீட்டித் தொட்டுப் பார்த்தே தெளிவடைகின்றனர்.

தொடுதலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. தாய் குழந்தையின் தலையை வருடுகிறாள். சுளுக்கு எடுப்பவர் காலை நீவுகிறார். திருநீற்றையோ மலரையோ கண்ணில் ஒற்றிக்கொள்வோர் உண்டு. நண்பர் தோளைப் பற்றுகிறார். நெடுநாள் பிரிந்தவர் தழுவிக்கொள்கின்றனர். தடவல், தீண்டல், உரசல், அணைத்தல் என ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு விசையை, வெவ்வேறு விரைவை, வெவ்வேறு உறவைச் சுட்டுகிறது. ஒரு கருவி தொடு உணர்வைப் படைக்க விரும்பினால் இத்தனை வேறுபாடுகளையும் அது கற்க வேண்டும்.

தோலின் நுட்பம்

பேருந்து நிலையத்தின் ஓரத்தில் அமர்ந்து மல்லிகைச் சரம் தொடுக்கும் பெண்ணைக் காணாதவர் இலர். அவர் கண் வாடிக்கையாளரை நோக்கியிருக்கும். விரல்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். காம்பு நசுங்காமலும் நார் நழுவாமலும் முடிச்சு இறுகும். ஒவ்வொரு நொடியும் விரல் நுனிகளிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்திகளே அவ்வேலையை நடத்துகின்றன.

மனிதக் கையின் உள்ளங்கைப் பக்கத்தில் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ 17,000 உள்ளன. அவை நான்கு வகைப்படும். ஒரு வகை விளிம்பையும் வடிவத்தையும் அறிகிறது. மற்றொன்று பிடியில் உள்ள பொருள் நழுவத் தொடங்குவதை அறிகிறது. வேறொன்று தோல் இழுபடுவதை உணர்கிறது. ஆழத்தில் அமைந்த நான்காம் வகை நுண்ணிய அதிர்வுகளைப் பற்றிக்கொள்கிறது. கையில் உள்ள குவளை வழுக்கும்போது, வழுக்குகிறது என்று நினைக்கும் முன்பே பிடி இறுகிவிடுவது இவ்வேற்பிகளால்தான்.

உடல் முழுவதும் இந்நுட்பம் ஒரே அளவினதன்று. இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு முனைகளை விரல் நுனி தனித்தனியே உணரும். முதுகிலோ அவ்விடைவெளி நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு இருந்தாலன்றி இரண்டும் ஒன்றாகவே தோன்றும். செருமானிய அறிஞர் எர்ன்ஸ்ட் வேபர் 1834ஆம் ஆண்டிலேயே இத்தகைய வேறுபாடுகளை அளந்து வெளியிட்டார்.

தோலில் விழும் அழுத்தம் எவ்வாறு நரம்பின் மின்குறிப்பாக மாறுகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. ஆர்டெம் படபூட்டியன் குழுவினர் 2010ஆம் ஆண்டில் அதற்குரிய புரதங்களைக் கண்டறிந்தனர். மிளகாயின் காரத்தைத் தரும் வேதிப்பொருளைக் கொண்டு வெப்பத்தை உணரும் ஏற்பியை டேவிட் ஜூலியஸ் முன்னரே கண்டறிந்திருந்தார். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவ்விருவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இப்புலன் இல்லாவிடில் என்ன நேரும்? இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மன் 1971ஆம் ஆண்டில், தம் 19ஆம் வயதில், ஒரு நோயின் விளைவாகக் கழுத்துக்குக் கீழே தொடு உணர்வையும் உறுப்புகளின் நிலையை அறியும் உணர்வையும் இழந்தார். தசைகளில் வலிமை இருந்தது. ஆயினும் அவரால் எழுந்து நிற்க இயலவில்லை. கை எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே ஒவ்வோர் அசைவையும் புதிதாகக் கற்றார். பல மாத முயற்சிக்குப் பின் நடந்தார். ஆயினும் விளக்கு அணைந்தால் அவர் நிலைகுலைந்து விழுவார். கண் இழந்தோர் கையால் உலகை அறிந்து வாழ்கின்றனர்; தொடு உணர்வை இழந்தவரோ ஒரு கணமும் கண்ணை வேறுபக்கம் திருப்ப இயலாமல் வாழ நேர்கிறது.

தெரிந்து தெளிவோம்

பிரான்சு நாட்டின் லூயி பிரெயில் மூன்று வயதில் தம் தந்தையின் தோல் பட்டறையில் நேர்ந்த காயத்தால் பார்வையை இழந்தார். பன்னிரு புள்ளி எழுத்துமுறை ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தது. அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. 1824ஆம் ஆண்டில், 15 வயதில், அதனை அவர் ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். ஓர் எழுத்து ஒரு தொடுதலில் விரலுக்குள் அடங்கியது. தோலின் அளவறிந்து அமைத்ததே அம்முறையின் வெற்றி. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

தொலைவிலிருந்து தொடுதல்

தொடு உணர்வுத் தொழில்நுட்பத்தை ‘ஹேப்டிக்’ என்று வழங்குவர். தொடுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இத்துறையின் தொடக்கத்தை அணு ஆய்வுக்கூடங்களில் காணலாம். கதிரியக்கப் பொருள்களைக் கையால் தொடுதல் உயிருக்கு ஊறு. ஆகவே தடித்த சுவருக்கு அப்பாலிருந்து அவற்றைக் கையாளும் இயந்திரக் கைகளை அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுக்கூடத்தில் 1940களின் இறுதியில் ரேமண்ட் கோர்ட்சு வடிவமைத்தார். அக்கருவி, பொருளைப் பற்றும்போது எழும் எதிர்விசையை இயக்குபவரின் கைக்குத் திருப்பி அனுப்பியது. சுவருக்கு அப்பால் இருந்த பொருளின் கடினத்தைக் கை உணர்ந்தது.

பின்னர்க் கணினி வந்தது. 1990களில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான ‘பேன்டம்’ என்னும் கருவி, உலகில் இல்லாத பொருளையும் தொட்டுணரச் செய்தது. விரலை ஒரு சிறு உறையில் நுழைத்து அசைத்தால், கணினிக்குள் வரையப்பட்ட கோளத்தின் பரப்பு தட்டுப்பட்டது, அழுத்தினால் எதிர்த்தது.

2002ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இத்துறையில் ஒரு மைல்கல் நடப்பட்டது. அமெரிக்காவில் ஒருவரும் இலண்டனில் ஒருவரும் இணையத்தின் வழியே ஒரு கனசதுரத்தை இரு பக்கமும் பிடித்துத் தூக்கினர். அக்கனசதுரம் கணினியில் மட்டுமே இருந்தது. இடையில் அட்லாண்டிக் பெருங்கடல் இருந்தது. ஆயினும் ஒருவர் தள்ளுவதை மற்றவர் கை உணர்ந்தது. அமெரிக்கப் பக்கத்தில் அவ்வாய்வை வழிநடத்தியவர் இந்திய வம்சாவளியினரான மந்தயம் சீனிவாசன்.

இத்தொழில்நுட்பத்தின் இடர்ப்பாடு தோலின் நுட்பத்திலேயே உள்ளது. நொடிக்கு 24 படங்கள் காட்டினால் கண் அதனைத் தொடர் அசைவு என்று ஏற்றுக்கொள்கிறது. கை அவ்வளவு எளிதில் ஏமாறாது. கடினமான பரப்பைத் தொடும் உணர்வைத் தர, கணினி நொடிக்கு ஏறத்தாழ 1,000 முறை விசையைக் கணக்கிட்டு மாற்ற வேண்டும். சற்றே தாமதித்தாலும் கல்லைத் தொடுவது களிமண்ணைத் தொடுவதாகத் தோன்றும். கருவியும் நடுங்கத் தொடங்கும். காட்சியும் ஒலியும் உலகெங்கும் பரவிவிட்ட பின்னரும் தொடுதல் பின்தங்கி நிற்பதற்கு இது முதன்மையான காரணம்.

இன்று கைப்பேசி அதிர்வதும் விளையாட்டுக் கருவியின் பிடி குலுங்குவதும் இத்தொழில்நுட்பத்தின் எளிய வடிவங்களே. பல் மருத்துவமும் அறுவை மருத்துவமும் பயில்வோர், நோயாளியின் உடலில் கை வைக்கும் முன் மெய்நிகர் உடலில் பழகும் கருவிகள் வந்துள்ளன. ஊசி தோலைத் துளைக்கும் கணத்தின் எதிர்ப்பை அவை கைக்குக் கற்பிக்கின்றன.

இழந்தோர்க்கு மீளும் உணர்வு

இத்தொழில்நுட்பத்தின் உயர்ந்த பயன், தொடு உணர்வை இழந்தோர்க்கு அதனை மீட்டளிப்பதே. டென்மார்க்கைச் சேர்ந்த டென்னிசு ஓபோ சோரென்சன் பட்டாசு விபத்தில் இடக்கையை இழந்தவர். ஐரோப்பிய ஆய்வாளர்கள் அவரது மேற்கை நரம்புகளில் நுண்ணிய மின்முனைகளைப் பொருத்தி, உணரிகள் கொண்ட செயற்கைக் கையோடு இணைத்தனர். கண்ணைக் கட்டியும் காதை அடைத்தும் வைத்த நிலையிலும் கையில் கொடுக்கப்பட்ட பொருள் கடினமானதா மென்மையானதா என்பதை அவர் சொன்னார். ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின் இல்லாத கையில் உணர்வு மீண்டது. அவ்வாய்வின் முடிவுகள் 2014ஆம் ஆண்டில் வெளிவந்தன.

அமெரிக்காவின் பிட்சுபர்க்கில் நடந்த ஆய்வு மற்றொரு சான்று. தண்டுவடக் காயத்தால் உடல் செயலிழந்த நேதன் கோப்லேண்டு, மூளையில் பொருத்தப்பட்ட மின்முனைகளின் வழியே இயந்திரக் கை ஒன்றை இயக்கப் பழகினார். பார்வையை மட்டும் நம்பி இயக்கியபோது ஒரு வேலையை முடிக்க நடுவளவாக 20.9 நொடிகள் ஆயின. இயந்திர விரல்களின் தொடு உணர்வை மூளைக்கு அனுப்பியபோது அது 10.2 நொடிகளாகக் குறைந்தது. கண்ணோடு தொடு உணர்வும் சேர்ந்தபோது வேலை ஏறத்தாழ பாதி நேரத்தில் முடிந்தது என்பது 2021ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின் செய்தி.

அறுவை மருத்துவத்திலும் இப்பயன் மெல்ல வந்து சேர்ந்துள்ளது. 2001ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இருந்தபடி பிரான்சின் இசுட்ராசுபர்க் நகரில் இருந்த பெண்ணுக்கு மருத்துவர் ஜாக் மரெசுகோ பித்தப்பை அறுவை செய்தார். அன்று அவர் கண்ணால் கண்டே செய்தார். திசுவின் எதிர்ப்பைக் கை உணரவில்லை. உலகில் மிகுதியாகப் பயன்படும் ‘டா வின்சி’ அறுவைக் கருவியிலும் விசையை உணர்த்தும் ஏற்பாடு 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் வடிவத்தில்தான் இடம்பெற்றது. அதுவரை மருத்துவர்கள் நூல் இழுபடுவதைக் கண்ணால் பார்த்து, எவ்வளவு இறுகுகிறது என்று கணித்து வந்தனர்.

வேலூர் தந்த பாடம்

தொடு உணர்வைக் கருவியால் ஈடுசெய்ய முயன்றவர்களுள் மருத்துவர் பால் பிராண்டின் வரலாறு தமிழ்நாட்டோடு பிணைந்தது. அவர் 1914ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பணியாற்ற வந்தார். அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தினார்.

தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். பிராண்டு வேறு உண்மையைக் கண்டார். ஒரு முறை துருப்பிடித்த பூட்டைத் திறக்க இயலாமல் அவர் நின்றபோது, நலிந்த சிறுவன் ஒருவன் வந்து சாவியை எளிதில் திருப்பினான். அவன் விரலிலிருந்து குருதி வழிந்தது. சாவி எலும்பு தெரியும்வரை சதையைக் கிழித்திருந்தது. சிறுவனுக்கு வலிக்கவேயில்லை. விரல்களை அழித்தது நோய்க்கிருமி நேரடியாக அன்று. வலி என்னும் எச்சரிக்கை இல்லாமையே என்பது அவருக்குப் புலனாயிற்று. சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுத்தனர். காலில் முள் தைத்ததை அறியாமல் நடந்தனர். உறங்கும்போது எலி கடிப்பதையும் உணராதிருந்தனர். மருத்துவமனையிலிருந்து ஊர் திரும்புவோர்க்குப் பூனை ஒன்றைக் கொடுத்தனுப்பும் வழக்கமும் அதனால் ஏற்பட்டது.

பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் பணியாற்றியபோது, வலிக்கு மாற்றாகக் கருவி ஒன்றைப் படைக்க பிராண்டு முனைந்தார். அழுத்தத்தை அறியும் உணரிகளைக் கையுறையிலும் காலுறையிலும் பொருத்தினார். ஆபத்தான அழுத்தம் ஏற்பட்டால் முதலில் ஒலி எழுந்தது. நோயாளிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் உணர்வுள்ள பகுதியில் சிறு மின்அதிர்ச்சி தரப்பட்டது. வேலையை முடிக்க விரும்பியவர்கள் மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். உணரிகளும் அடிக்கடி பழுதாயின. முயற்சி கைவிடப்பட்டது.

அத்தோல்வி ஓர் அரிய பாடம். கருவி தந்தது செய்தி, அது உணர்வாகவில்லை. விரலில் ஏற்பட்ட ஆபத்தைக் காதில் ஒலியாகக் கேட்டவர் அதனைத் தம்முடையதாகக் கொள்ளவில்லை. விரும்பியபோது நிறுத்திவிடக்கூடிய வலி, வலியின் கடமையைச் செய்வதில்லை. நரம்பின் வழியே அனுப்பிய குறிப்பைச் சோரென்சன் தம் கையில் உணர்ந்தார். காதின் வழியே சென்ற குறிப்பை நோயாளிகள் அயலாரின் அறிவுரையாகவே கேட்டனர். தொடுதல் உடலுக்குச் சொந்தமாகும்போதே அது தொடுதல் ஆகிறது.

நீரிழிவு நோயால் பாத உணர்வை இழப்போர் பெருகியுள்ள இக்காலத்தில் இப்பாடம் மீண்டும் எண்ணத்தக்கது. அழுத்தத்தை அளந்து எச்சரிக்கும் காலணிகள் உருவாகி வருகின்றன. அவற்றை அணிபவர் எச்சரிக்கையை மதித்து நின்றால்தான் பாதம் பிழைக்கும்.

தீண்டலும் தீண்டாமையும்

பிராண்டின் நூலில் மற்றொரு நிகழ்ச்சி இடம்பெறுகிறது. வேலூரில் நோயாளி ஒருவரின் தோளில் கையை வைத்து அவர் பேசியபோது அந்த இளைஞர் கண்ணீர் விட்டு அழுதார். தவறாக ஏதேனும் சொல்லிவிட்டோமோ என்று மருத்துவர் திகைத்தார். பல ஆண்டுகளாக அவரை எவரும் தொட்டதில்லை என்பதே அழுகைக்குக் காரணம் என்று உடனிருந்தவர் விளக்கினார்.

அந்த நோயாளிகள் இருமுறை தொடு உணர்வை இழந்தவர்கள். நோய் அவர்கள் விரல்களின் உணர்வைப் பறித்தது. ஊர் அவர்களைத் தொட மறுத்தது. முதல் இழப்பைக் கருவி ஒருநாள் ஈடுசெய்யக்கூடும். இரண்டாம் இழப்பை எந்தக் கருவி ஈடுசெய்யும்?

இவ்வினா தொழுநோயோடு நின்றுவிடுவதன்று. பிறப்பின் பெயரால் மனிதரை மனிதர் தொட மறுத்த கொடுமை இம்மண்ணில் நெடுங்காலம் நிலவியது. குவளையும் கிணறும் தெருவும் கோயிலும் தொடக்கூடாதவையாக விலக்கப்பட்டன. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. தமிழ்நாட்டு மாணவர் கையிலுள்ள பாடநூலின் தொடக்கப் பக்கங்களில் தீண்டாமைக்கு எதிரான வாசகங்கள் அச்சிடப்படுகின்றன. ஒருவரைத் தாழ்த்துவதற்கு அவரை அடிக்க வேண்டியதில்லை, தொட மறுத்தாலே போதும் என்பதை அறிந்த சமுதாயம், தொடுதலின் மதிப்பையும் பிறரினும் மிகுதியாக அறிதல் வேண்டும்.

தொடுதலுக்கு உரிய தனிப்பண்பு ஒன்று உண்டு. காணாதவரையும் ஒருவர் காணலாம். தன்னைக் கேளாதவரின் குரலையும் கேட்கலாம். ஆனால் ஒருவரைத் தொடுபவர் அதே கணத்தில் அவரால் தொடப்படுகிறார். அங்கே இருவரும் சமம். இப்பண்பினால்தான் ஏற்றத்தாழ்வை விரும்பியோர் தொடுதலை அஞ்சினர். இப்பண்பினால்தான் விருப்பமில்லாதவரைத் தொடுவதும் குற்றமாகிறது. தொடுதல் இருவரது இசைவில் நிகழ வேண்டிய உரையாடல்.

அவ்வுரையாடலின் ஆற்றலை மருத்துவம் அளந்தும் காட்டியுள்ளது. கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையில் 1970களின் இறுதியில், குறைமாதக் குழந்தைகளுக்கு வெப்பப்பெட்டிகள் போதவில்லை. மருத்துவர் எட்கர் ரே, குழந்தையைத் தாயின் மார்போடு தோலொடு தோல் படுமாறு அணைத்து வைக்கச் செய்தார். கங்காரு தாய் பராமரிப்பு என்று அது பெயர் பெற்றது. இந்தியாவும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கும் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனே தாயின் உடலோடு அணைத்து வைத்தபோது, உடல்நிலை சீரான பின்னரே அணைத்து வைத்த முறையைவிட இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. மறு ஆண்டு உலக நலவாழ்வு அமைப்பு இதனைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. பிள்ளைகளின் உடலைத் தீண்டுதல் பெற்றோரின் உடலுக்கு இன்பம் என்றார் வள்ளுவர். அத்தீண்டல் பிள்ளையின் உயிரையும் காக்கிறது என்கிறது இன்றைய மருத்துவம்.

கருவி எங்கே நிற்க வேண்டும்?

இவ்வாறு கூறுவதால் தொடு உணர்வுக் கருவிகளை ஒதுக்க வேண்டும் என்பது பொருளன்று. தொலைபேசி வந்தபோது நேர்ப்பேச்சு அழிந்துவிடும் என்று அஞ்சியவர் இருந்தனர். வளைகுடா நாட்டில் உழைக்கும் தந்தை தன் குழந்தையின் சிறு விரலின் அழுத்தத்தை ஒரு கருவியின் வழியே உணர முடியுமாயின், அதனைப் போலி என்று இகழ எவருக்கு உரிமை உண்டு? கடிதம் ஒரு காலத்தில் செய்ததை நாளை அக்கருவி செய்யக்கூடும்.

சப்பானில் உருவாக்கப்பட்ட ‘பாரோ’ என்னும் கடல்நாய்க்குட்டி வடிவ இயந்திரம் இங்கு எண்ணத்தக்கது. மென்மையான மயிர் போர்த்திய அதன் உடலில் உணரிகள் உள்ளன. வருடினால் அது கண் சிமிட்டும், தலை அசைக்கும், ஒலி எழுப்பும். நினைவிழப்பு நோயுற்ற முதியோர் இல்லங்களில் அது பயன்படுகிறது. கலங்கிய முதியவர் அதனை மடியில் வைத்து வருடி அமைதி அடைவாராயின் அது நன்மையே. ஆனால் பாரோ இருக்கிறது என்பதற்காகப் பராமரிப்பவரின் எண்ணிக்கை குறைக்கப்படுமாயின், மகனும் மகளும் வருவதை நிறுத்துவார்களாயின், அதே இயந்திரம் புறக்கணிப்பின் போர்வையாகிவிடும். பிழை இயந்திரத்தினதன்று, அதனை முன்னிறுத்திப் பின்னால் நழுவிக்கொள்பவரது.

ஆதலின் இக்கருவிகளை மதிப்பிட மூன்று அளவுகோல்கள் போதும். முதலாவது, அது இழந்ததை மீட்கிறதா, இருப்பதை இழக்கச் செய்கிறதா? செயற்கைக் கையில் உணர்வை மீட்பது முதல்வகை. அடுத்த அறையில் இருக்கும் பாட்டிக்குக் கருவி வழியே அணைப்பை அனுப்புவது இரண்டாம் வகை. இரண்டாவது, தொடுபவர், தொடப்படுபவர் ஆகிய இருவரது இசைவும் அதில் உண்டா? பிறரது உடலில் அதிர்வையும் அழுத்தத்தையும் உண்டாக்கும் ஆற்றல் வளர வளர, இசைவைக் காக்கும் சட்டமும் உடன் வளர வேண்டும். மூன்றாவது, அது மனிதரின் பொறுப்பைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? அறுவை மருத்துவரின் கைக்குத் திசுவின் எதிர்ப்பை உணர்த்தும் கருவி பொறுப்பைக் கூட்டுகிறது. நோயாளியைத் தொட்டுப் பாராமலே மருந்து எழுதித் தரும் பழக்கத்தை வளர்க்கும் கருவி அதனைக் குறைக்கிறது.

இம்மூன்றனுள் மூன்றாவதே கடினமானது. ஏனெனில் தொடுதல் எப்போதும் இன்பமானதன்று. புண்ணைத் துடைத்தல், படுக்கையில் கிடப்பவரைப் புரட்டுதல், அழுக்கடைந்த குழந்தையைக் குளிப்பாட்டுதல் ஆகியவையும் தொடுதலே. இனிய தொடுதலைக் கருவியிடம் வாங்கிக்கொண்டு கடினமான தொடுதலைக் கூலிக்கு விடும் சமுதாயம், மெல்ல மெல்லப் புதியதொரு தீண்டாமைக்குள் நுழைந்துவிடும். இன்றும் பிறரது கழிவை அகற்றுவோர், பிணவறையில் பணிபுரிவோர் ஆகியோரின் கைகளைப் பற்றத் தயங்குவோர் உள்ளனர். அத்தயக்கத்தை நீக்கும் கருவி எதுவும் இல்லை.

முடிவாக

மெய்நிகர் என்பது மெய்யை ஒத்தது, மெய்யன்று. அச்சொல்லைப் படைத்தோர் அவ்வேறுபாட்டைச் சொல்லுக்குள்ளேயே வைத்துள்ளனர். கதிரியக்கத்தைக் கையாள்பவர்க்கும், கையிழந்தவர்க்கும், கண்ணிழந்தவர்க்கும், அறுவை பயில்பவர்க்கும் தொடு உணர்வுத் தொழில்நுட்பம் பெருந்துணை. அதனை மேலும் வளர்த்தல் அறிவியலின் கடமை. தமிழ் மாணவரும் அப்பணியில் பங்கேற்றல் வேண்டும்.

வேலூரில் அந்த இளைஞரை அழவைத்தது உணரியும் அன்று, மின்முனையும் அன்று. தோளில் தங்கிய ஒரு கை. அக்கைக்கு உரியவர், தொற்றும் என்று ஊர் அஞ்சிய ஒருவரை அஞ்சாமல் தொட்டார். விசையை அளக்கும் கருவிகள் இனியும் பல வரும். அஞ்சாமல் தொடும் கையை மனிதரே நீட்ட வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. தொடுதலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைத் திரட்டி, அவற்றிடையே உள்ள பொருள் வேறுபாட்டை எடுத்துக்காட்டுத் தொடர்களுடன் எழுதுக.

2. கண்ணைக் கட்டிக்கொண்டு ஐந்து பொருள்களைத் தொட்டறிந்து, அவற்றை எவ்வாறு இனங்கண்டீர்கள் என்பதை வகுப்பறையில் விளக்குக.

3. ‘முதியோரைப் பராமரிக்க இயந்திரங்கள் போதுமானவை’ என்னும் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் சொற்போர் நிகழ்த்துக.